நோட்டக்காவும் பதினேழு சென்டிமீட்டரும்

என் வீட்டுக்காரருடன் கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுடைய பிள்ளைகள், மருமக்கள், சம்பந்தி வீடுகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. யாருக்கு எந்தக் காது கேட்காது, யார் யாரோடு எந்த வருஷத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லை என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். ஆனால் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது கடைசித் தங்கையைப் பற்றி மட்டும்தான். நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் போனபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது ஐம்பத்தைந்து. மைதானத்தில் அவளுக்கு ‘நோட்டக்கா’ என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த ஆண்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சாக்ஸ் கம்பெனியில் ஜோடி சேர்க்கிற வேலை அவளுக்கு. மேசைமேல் மலையாகக் கொட்டிக் கிடக்கும். நீளம், நிறம், குதிகால் மடிப்பு மூன்றையும் பார்த்து இரண்டிரண்டாகச் சேர்த்து அட்டை மாட்ட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அது. ஏழாம் நாள், ஆண்கள் சங்கிலிக் குண்டு எறிகிற இடத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த விளையாட்டைச் சொன்னால் பலருக்குப் புரியாது. ஆங்கிலத்தில் ஹேமர் என்கிறார்கள். கல்யாணமான புதிதில் என் அம்மாவிடம், “உங்க மாப்பிள்ளை ஞாயிறானா ஹேமர் எறியப் போயிடறார்” என்று சொன்னேன். “சுத்தியலை எதுக்குடி எறியறார்? ஆணி வளைஞ்சிடுச்சா?” என்று கேட்டாள். சுத்தியல் இல்லை. ஏழே கால் கிலோ இரும்புக் குண்டு, அதில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கைப்பிடி. வட்டத்துக்குள் நின்று தானும் சுழன்று அதையும் சுழற்றி விட வேண்டும். வட்டத்தைச் சுற்றி வலைக் கூண்டு உண்டு. இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவராக இருந்தார். தோள் இரண்டும் கதவு நிலையில் இடிக்கும். முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வட்டார சாம்பியன்ஷிப்பில் ஐம்பத்துநான்கு மீட்டர் அறுபது சென்டிமீட்டர் எறிந்தார். அதுதான் சாதனை. மைதானத்துப் பலகையில் அவர் பெயருக்கு நேரே வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை. வீட்டில் கரண்ட் பில் எங்கே என்று கேட்டால் தெரியாது, ஐம்பத்துநான்கு அறுபது மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

அவர் சாதனை வைத்து மூன்றாம் வருஷம் அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. வேடிக்கை பார்க்கத்தான் போனார். தங்கையையும் கூட்டிப் போனார். அன்றைக்கென்று குறிப்பு எழுதுகிறவருக்குப் பல்வலி. கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று இருபத்துநான்கு வயசுப் பெண்ணைப் பிடித்து மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்று வெல்டர் ஒருவர் எறிந்தது ஐம்பத்துநான்கு ஐம்பத்தைந்து என்று எழுதப்பட்டது. ஐந்து சென்டிமீட்டரில், அதாவது மூன்று விரல்கடை தூரத்தில், சாதனை தப்பித்தது. என் வீட்டுக்காரர் வாய்கொள்ளாச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அந்த வெல்டரைத் தெருவில் எங்கே பார்த்தாலும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வெல்டருக்கு ‘மூணுவிரல்’ என்றே பெயர் ஆகிவிட்டது.

பல்வலிக்காரர் திரும்ப வரவில்லை. மேசை இவளுக்கே ஆயிற்று. “ஆம்பளைங்க குண்டு எறியற இடத்துல பொம்பளைக்கு என்ன வேலை?” என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இவள் எழுதிக்கொண்டே இருப்பாள். யார் எறிந்தார், ஆறு எறிதலில் எது எவ்வளவு, எது கணக்கில் சேராத தப்பாட்டம், மழையா, வட்டம் வழுக்கியதா, எந்தக் குண்டு, எல்லாம் அதில் இருக்கும். விளையாட்டுச் சங்கத்துக்காரர்கள் அந்தத் தாள்களைப் பழைய பேப்பரோடு கட்டிப் போட்டார்கள். இவள் பொறுக்கியெடுத்து சாக்ஸ் அட்டைப் பெட்டிகளில் வருஷவாரியாக அடுக்கினாள். தான் வருவதற்கு முந்தைய வருஷங்களுக்கும் விடவில்லை. பழைய எறிகாரர்கள் வீடு வீடாகப் போய், பரணில் கிடந்த சான்றிதழ், அலமாரிக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாள் எல்லாம் தேடி எழுதிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். மங்கிப்போன எண்களைப் படிக்கத் தன் கண்ணில் மாட்டுகிற லென்ஸைக் கழற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

எழுதி வைத்தது மட்டுமில்லை, அதிலிருந்து என்னென்னவோ கண்டுபிடிப்பாள். “அண்ணி, ஜெயிச்ச எறிதல்ல பாதிக்கு மேல நாலாவதும் அஞ்சாவதும்தான். முதல்ல பயப்படறாங்க, கடைசில அவசரப்படறாங்க” என்பாள். ஒரு இளைஞன் தொடர்ந்து தப்பாட்டம் போட்டபோது, “தம்பி, உனக்குத் தப்பாட்டம் எல்லாம் வலது பக்கமே போகுது, பதினொண்ணுல ஒன்பது. காலைப் பாரு” என்றாள். காலை மாற்றி வைத்தான். அடுத்த வருஷம் மூன்றாவதாக வந்தான். நோட்டக்கா என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் சாம்பியன்ஷிப்புக்கு ஐம்பதாவது ஆண்டு. சங்கத்தில் ஒரு மலர் போடுவதாக முடிவு செய்து, எல்லா வருஷத்து எண்களையும் சுத்தமாக எழுதித் தரச் சொல்லி இவளிடம்தான் கேட்டார்கள். வேறு யாரிடம் இருக்கிறது? ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணி, அண்ணன் இருக்காரா?”

“மாடில துணி காயப்போடறார். என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?”

“அடுப்பங்கரைக் கதவைச் சாத்துங்க.”

நோட்டைப் பிரித்து வைத்தாள். எனக்கு எண்கள் கூட்டமாக வந்தால் கண் கட்டும். அவள் விரல் வைத்துக் காட்டினாள்.

“அந்தக் காலத்துல ஒரு ரூல் இருந்துச்சு அண்ணி. தூரமா எறியற எதுலயும் ரெட்டைப்படை சென்டிமீட்டர்தான் எழுதணும். நாடா நாற்பத்தொண்ணு காட்டினா, ஒண்ணைத் தள்ளிட்டு நாற்பதுன்னு எழுதணும். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடிதான் அந்த ரூல் மாறுச்சு. அதுக்கு முந்தி எந்தப் பக்கத்தைப் பாருங்க. அறுபது, எண்பத்தாறு, நாற்பது, ரெண்டு. எல்லாம் ரெட்டை. இந்த ஒரு வருஷத்தைப் பாருங்க.”

பார்த்தேன். இருபத்துமூன்று, அறுபத்தொன்பது, எண்பத்தைந்து, ஐம்பத்தைந்து. அந்தப் பக்கம் முழுக்க ஒற்றை.

“இது…”

“நான் முதல் முதலா உட்கார்ந்த வருஷம்.”

அப்புறம் கதை வெளியே வந்தது. அளக்கிற விதம் இப்படி: குண்டு விழுந்த பள்ளத்தில் ஒருவர் நாடாவின் வளையத்தைப் பிடித்துக்கொள்வார். நாடாவை வட்டத்துக்கு இழுத்து வந்து, விளிம்பில் இன்னொருவர் எண்ணைப் படித்துச் சொல்வார். அந்த வருஷம் புல்தரை உருளை நாடாவின் நுனிமேல் ஏறி நசுக்கிவிட்டது. மைதானக் காவலாளி நசுங்கின பதினேழு சென்டிமீட்டரை வெட்டிவிட்டு, மிச்சத்தில் வளையத்தை மாட்டினார். அதனால் எதை அளந்தாலும் பதினேழு அதிகமாகக் காட்டும். காவலாளி பொறுப்பானவர். மறந்துவிடக் கூடாதே என்று படிக்கிறவரிடமும் சொன்னார், எழுதுகிற இவளிடமும் தனியாக வந்து சொன்னார்: “பதினேழைக் கழிச்சுக்கோம்மா.”

“நாடா படிச்சவர் கழிச்சுட்டுத்தான் சொல்லியிருக்கார். நான் அதுல மறுபடியும் கழிச்சிருக்கேன்” என்றாள். “ரெட்டைப்படைல பதினேழு போனா ஒற்றைப்படைதானே? எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைஞ்சதால யார் முதல், யார் ரெண்டாவதுங்கறது மாறலை. ஒருத்தருக்கும் சந்தேகம் வரலை. வெல்டர் எறிஞ்சது ஐம்பத்துநாலு எழுபத்திரண்டு. அண்ணன் சாதனையை அவர் அன்னைக்கே பன்னிரண்டு சென்டிமீட்டர் தாண்டிட்டார்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் நல்ல வார்த்தை சொல்லவில்லை.

“விட்டுடுடி. யாருக்குத் தெரியும்? உங்க அண்ணனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அவருக்கு மட்டுமா, உனக்கும்தான். அண்ணன் சாதனையைக் காப்பாத்தத் தங்கச்சி கழிச்சு எழுதிட்டான்னு நாலு பேர் வாய் கூசாம பேசுவாங்க. இத்தனை வருஷம் சம்பாதிச்ச பேரு ஒரே நாள்ல போயிடும்.”

“பேசட்டும் அண்ணி. ஆனா தெரிஞ்ச பிறகு அந்தத் தாளை எப்படி என் கையால கொடுப்பேன்?”

அன்று சாயங்காலமே நாடா படித்தவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், ஒருவேளை அவர் மறந்துபோயிருப்பார் என்ற நப்பாசையில். அவர் மின்சார மீட்டர் படிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் கழிக்காம சொன்னேனான்னு கேக்க வந்தியா? முப்பது வருஷம் வீடு வீடாப் போய் மீட்டர் படிச்சவன் நான். ஒருத்தன் வீட்லயும் ஒரு யூனிட் தப்பினதில்லை. பதினேழைக் கழிச்சு, ஒற்றையைத் தள்ளி, அப்புறம்தான் வாயைத் திறந்தேன். வெல்டருக்கு நாடால இருந்தது ஐம்பத்துநாலு எண்பத்தொன்பது. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.”

“அப்பறம் முடிவுப் பலகைல ஐம்பத்தஞ்சுன்னு எழுதினப்ப ஏன் அண்ணே ஒண்ணும் சொல்லலை?”

“நான் எங்கம்மா பலகையைப் பார்த்தேன்? நாடாவைச் சுருட்டிட்டு இருந்தேன்.”

மறுநாள் சங்கச் செயலாளரிடம் போனாள். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிற சின்ன வயசுக்காரர் அவர். தலையைச் சொறிந்தார். “அக்கா, ரெண்டையும் போட்டு ஒரு நட்சத்திரக் குறி வெச்சுடலாமே?” என்றார். இவள், “ஒரு எறிதலுக்கு ரெண்டு தூரம் இருக்காது தம்பி” என்றாள். கடைசியில் அவர் சொன்னது: சாதனைக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மாற்றலாம், இல்லாவிட்டால் பழையபடியேதான் அச்சாகும், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

ஆக, அண்ணனிடம் அவளே சொல்லியாக வேண்டும். சொன்னாள். சுற்றி வளைக்காமல், நின்றுகொண்டே சொன்னாள். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வீடு அதிரக் கத்தினார்.

“நீ பண்ணின தப்புக்கு என் சாதனையைக் கேக்கறியா?”

“நான் பண்ணின தப்புக்கு அவர் முப்பது வருஷம் மூணுவிரலா இருந்துட்டார் அண்ணே.”

“வெறும் ஒற்றைப்படை, ரெட்டைப்படை! இதெல்லாம் ஒரு சாட்சியா? சாக்ஸ் ஜோடி சேர்க்கற புத்தி எங்க போகும்!”

“சரி, நீங்களே பாருங்க. அந்த இருபத்தஞ்சு வருஷத்துல வேற எங்கயாவது ஒரே ஒரு ஒற்றைப்படை காட்டுங்க. நான் வாயை மூடிக்கறேன்.”

நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று நாள் அந்த மனுஷர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பென்சிலால் டிக் போட்டார். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் எறிதல்கள். நான் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். “கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டாவது பாருங்க” என்றால், “நீ அவ கட்சி, பேசாதே” என்பார். நான் யார் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை பகல் திடீரென்று “ஆகா!” என்று ஒரு சத்தம். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நோட்டோடு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

சாக்ஸ் கம்பெனி வாசலில் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தவளைப் பிடித்துக்கொண்டார். “நாற்பத்தேழு முப்பத்துமூணு! பாரு! நாலாவது வருஷம்! முப்பத்துமூணு ஒற்றையா ரெட்டையா?”

அவள் எண்ணைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்திலும் ஒரு ஆசை எட்டிப் பார்த்த மாதிரி எனக்குத் தெரிந்தது. அதுவும் மனசுதானே. பிறகு, “வீட்டுக்கு வாங்க அண்ணே, மூலத்தாளைப் பார்த்துடலாம்” என்றாள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாலாவது வருஷத்துப் பெட்டியில் பழைய குறிப்புக்காரர் எழுதிய தாளே இருந்தது. என் வீட்டுக்காரர் லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் வைத்துக்கொண்டே இருந்தார்.

“எட்டு” என்றார் மெதுவாக. “முப்பத்தெட்டு. இங்க சுழி சேர்ந்துதான் இருக்கு. நீதான் மூணுன்னு எழுதிட்டே.”

“ஆமாண்ணே. தப்பா எடுத்து எழுதியிருக்கேன். நல்லவேளை, நீங்க பார்த்தீங்க.” உடனே பேனாவை எடுத்துத் திருத்தினாள்.

அவளை முறியடிக்கப் போனவர், இருபத்தைந்து வருஷத்தையும் அவளுக்காகச் சரிபார்த்துக் கொடுத்தவராக நின்றார். அது அவருக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார்.

அவள் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். வாய்விட்டுப் படித்தார். “குறிப்பு எழுதியவர் இரண்டாவது முறையும் கழித்ததால் நேர்ந்த பிழை. குறிப்பு எழுதியவர் நான்.” நிமிர்ந்தார்.

“உன்னை எதுக்கு இழுத்துவிட்டுக்கறே? நாடாவில் பிழைன்னு எழுதிடு. முடிஞ்சுது.”

“நாடா என்ன பண்ணுச்சு பாவம்?”

கையெழுத்துப் போட்டார். அவர் பெயரை எழுதி முடிக்க அன்றைக்கு வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று.

மலர் அச்சாகி வெளியே வருவதற்குள் வெல்டரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினாள். என் வீட்டுக்காரரும் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார், யாரும் கூப்பிடவில்லை. பட்டறையில் ஒரு இரும்பு கேட்டைச் சாய்த்து வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார் வெல்டர். எங்களைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினார். இவள் நடந்ததைச் சொன்னாள். கேட்டார்.

“எவ்வளவுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஐம்பத்துநாலு எழுபத்திரண்டு.”

கையுறையைக் கழற்றிவிட்டு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “இந்தா, வெளிய வா. இவங்க சொல்றதை நீயே கேளு. நான் சொன்னா நம்பமாட்டே.”

அவர் மனைவி வந்து கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். “அடக் கடவுளே! இந்த மனுஷன் வருஷக்கணக்கா நாடா பொய், நாடா பொய்னு பொலம்பினாரே. தோத்தவங்க நாடா மேல பழி போடாதீங்கன்னு நான்தான் வாயை அடைச்சு வெச்சேன்.”

வெல்டர் இவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். “தெரியாம கழிச்சதுதானே? அண்ணனுக்காக இல்லையே?”

நான் பயந்த கேள்வி அதுதான். “தெரியாமதான்” என்றாள். “ஆனா நீங்க வேற மாதிரி நினைச்சா, நான் கோவிச்சுக்க முடியாது.”

அவர் கேட்டின் கம்பியைத் தடவிப் பார்த்தார். “தெரிஞ்சு கழிச்சவங்க தேடி வந்து சொல்லமாட்டாங்க” என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “என்ன டயர்காரரே, இன்னைக்கு விரல் காட்டலையா?” என்றார்.

“இப்ப நீதான்யா காட்டணும். பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை விரல்?”

“ஏழு வரும். ஒரு கை பத்தாது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிப்பு பாதியில் நின்றது; நின்றதை வெல்டரும் பார்த்தார். ஒரு ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

மலர் வந்தது. நான் பயந்தபடி சிலர் பேசத்தான் செய்தார்கள். அண்ணன் தங்கை கதை என்று டீக்கடையில் ஒருவன் இழுத்தானாம். மீட்டர்காரரும் வெல்டரும் அங்கேயே இருந்திருக்கிறார்கள். அவன் டீயை முடிக்காமல் போய்விட்டதாகக் கேள்வி. ஆனால் வேறொன்று நடந்தது, அதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. எறிந்து முடித்து இருபது வருஷம், முப்பது வருஷம் ஆனவர்கள் எல்லாம் நோட்டக்கா வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். “அக்கா, என்னுதையும் ஒரு தடவை பாருங்க. எனக்கும் குறைச்சுத்தான் எழுதியிருக்காங்க, நிச்சயமாத் தெரியும்.” அவள் ஒருத்தரையும் திருப்பி அனுப்புவதில்லை. டீ போட்டுக் கொடுத்து, அந்த வருஷத்துப் பெட்டியை எடுத்து, தாளைக் காட்டி, ஆறு எறிதலையும் படித்துச் சொல்கிறாள். இதுவரை ஒருத்தருக்கும் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை. ஆனாலும் வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் போகிறார்கள். தாங்கள் அன்றைக்கு எறிந்த தப்பாட்டம்கூட எழுதி வைக்கப்பட்டிருக்கிறதே என்று.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் லென்ஸும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார். நோட்டில் தப்பு கண்டுபிடித்த ஒரே ஆள் என்பதால் அவரைச் சரிபார்க்கிறவராக அவளே போட்டுக்கொண்டாள். போன வாரம் ஒருவர் கேட்கவே மாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். இவள் பொறுமையாக மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“யோவ், என்னுதே நிக்கலை. உன்னுது எங்கய்யா நிக்கும்? டீயைக் குடி.”